கோயில் ஓட்டமும் கம்பம் பள்ளத்தாக்கும்



பள்ளியின் நீண்ட விடுமுறை வந்துவிட்டால் நம் லாபிஸ் வட்டாரத்துக் குடும்பங்கள் சில தமிழகத்திற்குப் புறப்படுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால், அவர்களின் பயண நிரலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எட்டு நாளில் பதினைந்து கோயில்கள். எஞ்சிய இரண்டு நாள் தியாகராய நகர்த் துணிக்கடைகள். விடியற்காலையில் பேருந்தில் ஏற்றப்படும் பிள்ளை, தூங்கி எழுவதெல்லாம் அடுத்த கோயில் வாசலில்தான். திரும்பி வந்தவனிடம், "தமிழ்நாட்டில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "கூட்டம் ஐயா" என்கிறான். அவன் மீது குற்றமில்லை. நாம் காட்டியது அதைத்தானே?

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் கூறவில்லை. பதினைந்தை ஐந்தாக்குங்கள். மிஞ்சும் நாள்களில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் தங்குங்கள் என்கிறேன்.

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவே முல்லைப் பெரியாறு, ஆற்றங்கரையில் நெல்லும் தென்னையும், அப்பால் திராட்சைப் பந்தல்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியைத் தலைக்கு மேல் படரவிட்டிருப்பார்கள். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது இன்னொன்றில் பழம் பறிப்பார்கள். அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

"அந்தப் பழத்தில் ஒயின் செய்கிறார்களாமே, பிள்ளைகளை அங்கா அழைத்துப் போவது?" என்று கேட்பீர்கள். உண்மைதான், பழத்தில் ஒரு பகுதி ஒயினுக்கும் போகிறது. கள்ளுக்கடையால் சீரழிந்த குடும்பங்களை அறிந்த சமுதாயம் நாம். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் தொழிலாளர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. ஆகவே உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆயினும், பந்தலின் கீழ் நிற்பதற்கும் கிண்ணத்தை ஏந்துவதற்கும் வேறுபாடு இல்லையா? ஒயின் ஆலையின் பக்கமே போக வேண்டாம், பந்தலுக்குப் போங்கள். (வீட்டு விருந்துகளில் பிள்ளைகளின் கண்முன்னே புட்டிகளை அடுக்குவோர் இக்கேள்வியைக் கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை.)

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 'தோட்டம்' என்ற ஒரு சொல்லுக்காக. நம் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்றால் கம்பெனியின் நிலம். தாத்தா பால்மரம் சீவிய இடம். இன்று செம்பனை நிற்கும் இடம். அது ஒருநாளும் தாத்தாவுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. கம்பத்தில் ஓர் உழவர் "என் தோட்டம்" என்பார். இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ, அது அவருடையது. அதே சொல்லை இந்தப் பொருளில் நம் பிள்ளை காதால் கேட்க வேண்டும். எந்தப் பாடநூலாலும் அதை நான் கற்பிக்க இயலாது.

நீரின் கதையும் அங்கே உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. அத்தகைய வறட்சியும் வறுமையுமே நம் முன்னோரைக் கப்பலேற்றின. அதே வறட்சிக்கு மருந்தாக, மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் முடிந்தது. அவருக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. உழவர்கள் அவர் படத்தை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். வாய்க்காலில் காலை நனைத்தபடி இதைக் கேட்கும் பிள்ளைக்கு, தன் பாட்டன் ஏன் கடல் கடந்தான் என்பது சட்டென்று விளங்கும்.

மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோட்டம். சித்திரை முழுநிலவு நாளில் மட்டுமே மக்களை மேலே விடுவார்கள். மற்ற நாள்களில் கீழிருந்து மலையைக் காட்டிக் கண்ணகியின் கதையைச் சொன்னாலே போதும். அருகிலுள்ள பண்ணைப்புரந்தான் இளையராஜா பிறந்த ஊர் என்றால் பிள்ளைகள் இன்னும் ஆர்வமாக எழுந்து உட்கார்வார்கள்.

"அங்கே பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்குமே" என்பது கடைசித் தடை. இருக்கட்டுமே! முதல் நாள் கைப்பேசியைத் தேடுவான். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பையனோடு பேசத் தொடங்குவான், அதுவும் தமிழில். அங்கே வேறு மொழிக்குத் தாவ வழியில்லை.

திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து மதுரை, தேனி வழியாகக் கம்பம். அடுத்த விடுமுறைக்குப் பயண முகவரிடம் முன்பணம் கட்டுமுன், அவர் நிரலில் ஏதேனும் ஓர் ஊரில் மூன்று இரவுகள் சேர்ந்தாற்போல் தங்குகிறோமா என்று கேளுங்கள். இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.