கடை போட ஓர் இடம்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், சிலியாவ், லாபு பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட வேலையும் பெரும்பாலும் அந்நியத் தொழிலாளர் கைக்குப் போனது. லயத்தை விட்டு வெளியேறிய நம் பெண்கள் பலருக்கு அடுப்புதான் கைகொடுத்தது. முறுக்கு, ஊறுகாய், தோசை மாவு, கொல்லையில் வெட்டிய வாழையிலை, முருங்கைக்கீரை. இவற்றை இரவுச் சந்தையில் விற்க ஒரு மேசை போதும், ஆனால் உரிமம் வேண்டும். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, காரணம் சொல்லாமலே உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரத்தை ஊராட்சி மன்றங்களுக்குத் தருகிறது. நாளை இடம் இருக்குமா என்றே தெரியாத ஓர் அக்கா, நல்ல எவர்சில்வர் பாத்திரமும் குளிர்பெட்டியும் வாங்கத் துணிவாரா? மலிவான பாலிஸ்டிரீன் பெட்டியில்தான் விற்பார். அதே பிரிவு மூன்றாண்டு வரை உரிமம் வழங்கவும் இடம் தருகிறது. சிரம்பான் மாநகர் மன்றமும் போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகமும் சிறு வியாபாரிகளுக்கு அதை முழுமையாகக் கொடுக்க வேண்டும். வாழையிலையில் கட்டித் தருபவருக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். சந்தைத் திடலில் தண்ணீர்க் குழாய் போடுங்கள். பொரித்த எண்ணெயை ஊற்ற ஒரு பீப்பாய் வையுங்கள், இல்லாவிட்டால் அது சாக்கடைக்குத்தான் போகும். உரிமப் படிவம் நிரப்பித் தர ஓர் அலுவலர் மாதம் ஒருமுறை தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு வரட்டும். இதையெல்லாம் முடிவு செய்யும் மன்றங்களுக்கான ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இன்று கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. சந்தையில் கடை போட்ட தோட்டப்புறப் பெண் ஒருவரை அந்த நாற்காலியில் அமர்த்துங்கள் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் நாம்தான் கேட்க வேண்டும்.