சிறுகுறிஞ்சானும் சோதனைச்சாலைச் சான்றும்

"சிறுகுறிஞ்சான் இலை இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைப்பது சோதனைச்சாலையில் ருசுவாகிவிட்டது, கொடி வைத்தால் இலையை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு வியாபாரி வந்து சொல்வாராயின், எந்தச் சோதனையில் என்று நிலமுடையார் முதலில் கேட்கவேண்டும்.

கண்ணாடிக் குழாயில் நடப்பதும் சோதனையே. மாவுப் பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியுடன் சாற்றைச் சேர்த்து, நொதியின் வேலை தடைப்படுகிறதா என்று பார்ப்பர். துவர்ப்பு மிகுந்த சாறுகள் பல இதில் எளிதில் தேறிவிடும். துவர்ப்புச் சத்து புரதங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நொதியும் ஒரு புரதமே. ஆவாரம்பட்டை தோலைப் பதனிடுவதும் இக்குணம் பற்றியேயாம். எலியில் நடப்பது வேறு. அலாக்ஸான் என்னும் இரசாயனத்தைச் செலுத்தி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்தபின் சாற்றைப் புகட்டுவர். அவ்வாறு கெடுக்கப்பட்ட எலியும், பல்லாண்டுகளாக மெல்ல நோயுற்ற மனிதனும் ஒன்றாகார்.

மனிதரிடத்தும் சோதனை நடந்ததுண்டு. 1990-இல் வெளியான சென்னை ஆராய்ச்சியொன்றில், நோயாளிகள் 22 பேருக்கு வழக்கமான மாத்திரைகளுடன் இவ்விலையின் சத்து நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை கொடுக்கப்பட்டது. சர்க்கரை குறைந்தது; ஐவர் மாத்திரையை நிறுத்தவும் கூடிற்று. இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும் 22 பேர் சிறு தொகையே. கொடுக்கப்பட்டதும் பிரித்தெடுத்துப் பக்குவம் செய்த சத்தேயன்றி, நம் வேலியில் படரும் இலையின் பொடியன்று.

மருந்து தேறினாலும் பயிர் தேறிவிடாது. மெட்பார்மின் மாத்திரையின் பூர்வீகம் ஐரோப்பாவிலுள்ள கலேகா என்னும் செடி. ஆடுகளுக்கு அது நஞ்சு. அதன் சத்துக்கு இனமான மெட்பார்மின் 1922-இல் இரசாயன முறையில் ஆக்கப்பட்டது. 1957-இல் பிரான்சு தேசத்து மருத்துவர் ழான் ஸ்டேர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். இன்று கோடிக்கணக்கானோர் உண்ணும் அம்மாத்திரை தொழிற்சாலையில் ஆவது. கலேகா பயிரிடும் குடியானவருக்கு அதில் ஒரு காசும் இல்லை.

வேலியோரத்தில் சில கொடிகள் வைத்துப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் இறங்குவது தகாது என்பதே என் அபிப்பிராயம். விலையும், இலையில் இருக்கவேண்டிய ஜிம்னீமிக் அமிலத்தின் அளவும், அதை அளப்பவர் யாரென்பதும் முதலில் எழுத்தில் வரட்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு வேலையுண்டு. இலையை நம்பி இன்சுலின் ஊசியை நிறுத்துவோருக்கு, விசேஷமாகச் சிறுவர்க்கு, சில நாட்களிலேயே உயிராபத்து நேரக்கூடும். கொள்முதலுக்கென்று ஊரைக் கூட்டுவோர் இதையும் அக்கூட்டத்திலேயே சொல்லும்படி அவர்கள் செய்யவேண்டும்.