ஃபிளாஷைக் கேமராவை விட்டு இறக்குங்கள்

ரெண்டு மாசத்துக்கு முன்னால் எங்க பெரியப்பா பொண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். ஜாதகத்தோடு அனுப்ப போட்டோ வேணுமே. ஊரில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்து நாலு காப்பி கவரில் போட்டு வாங்கி வந்தார்கள். பிரித்துப் பார்த்த அக்கா படத்தை என்னிடம் நீட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏல, இது யாரு?"

நியாயமான கேள்வி. அக்கா நல்ல கருப்பு. படத்தில் இருந்தவர் சந்தன நிறம். கன்னத்து மச்சத்தைக் காணோம். மூக்குக்குப் பக்கத்தில் நிழலே இல்லாமல் முகம் தட்டு மாதிரி இருந்தது. நேருக்கு நேர் ஃபிளாஷை அடித்துவிட்டு, மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் வெளுத்திருக்கிறார்கள்.

"நான் எடுக்கேன் யக்கா" என்று வாயை விட்டேன். பி.காம் படிக்கிறவனுக்குக் கேமரா எதற்கு என்று கேட்கும் வீட்டில் இது கொஞ்சம் துணிச்சல்தான்.

கேமரா வைத்திருக்கும் நம்ம பசங்களில் ஒரு கோஷ்டி உண்டு. ஃபிளாஷ் என்றாலே முகம் சுளிப்பார்கள். 'நேச்சுரல் லைட்தான் நேர்மை' என்பார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் திரிந்தேன். ஆனால் நம்ம ஊர் வெயிலில் பதினோரு மணிக்கு ஒரு கருப்பான ஆளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். சூரியன் உச்சியில் நிற்கும். நெற்றி பளபளக்கும், கண் இருக்கும் இடத்தில் ரெண்டு குழி தெரியும். பின்னால் வானம் வந்துவிட்டால் இன்னும் மோசம். கேமரா அந்த வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்டு முகத்தை மேலும் இருட்டாக்கிவிடும். சரி என்று மொத்தப் படத்தையும் ஏற்றினால் வானமும் புடவையும் வெளுத்துப்போகும். இதில் நேர்மை எங்கே இருக்கிறது?

கருவி பாரபட்சம் பார்ப்பது புதுசும் இல்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த முகம் சரியாக வந்தால் கலர் சரி என்று அர்த்தம். ஷெர்லி கார்டு என்று பெயர். லோர்னா ராத் என்ற கனடா ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் சரியாக வரவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்களில் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர பர்னிச்சர் செய்கிறவர்களும் உண்டாம். கருப்பு மனுஷங்களுக்காக இல்லை, சாக்லேட்டுக்காக!

சரி, மேட்டருக்கு வருவோம்.

என்னிடம் இருப்பது பழசாக வாங்கிய ஒரு யாங்நுவோ ஃபிளாஷ், ஒரு ட்ரிக்கர், ஒரு ஸ்டாண்ட், மூணரை அடி அகல வெள்ளைக் குடை ஒன்று. ஃபிளாஷ் மண்டையில் மாட்டும் பிளாஸ்டிக் மூடியும் கூடவே வந்தது. அதைத்தான் பலர் டிஃப்யூசர் என்று வாங்குகிறார்கள். வீட்டுக்குள் அதற்கு வேலை உண்டு, சுவரிலும் கூரையிலும் பட்டு வெளிச்சம் திரும்பி வரும். வெளியில் ஏது சுவர்? பாதி வெளிச்சம் ஆகாசத்துக்குப் போகும். வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் மிருதுவாகிவிடாது, முகத்திலிருந்து பார்த்தால் பெருசாகத் தெரியணும். மேகம் மூடியதும் நிழல்கள் கரைவது இதனால்தான். மூடி டீ கிளாஸ் அளவு. குடையோ மூணரை அடி, அதுவும் ஆளுக்கு ஒரு கை தூரத்தில்.

நம்ம பாஷையில் சொன்னால் வெயிலும் ஃபிளாஷும் ரெண்டு தனித்தனி கணக்கு. ஷட்டரைக் கூட்டிக் குறைத்தால் வெயில் கணக்கு மட்டும் மாறும், ஃபிளாஷ் அசையாது (பல கேமராக்களில் 1/200 செகண்ட் வரை, அதைத் தாண்டினால் படத்தில் கருப்புப் பட்டை விழும்). அப்பெர்ச்சர் ரெண்டு கணக்கிலும் கை வைக்கும். ஃபிளாஷை ஒரு மீட்டரிலிருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். இந்த மூணும் புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு ஃபிளாஷ் பயம் போனது. உச்சி வெயிலோடு சின்ன ஃபிளாஷ் மல்லுக்கட்ட முடியாது என்பதும் அன்றைக்கே புரிந்தது. அதனால் சாயங்காலம் அஞ்சரைக்கு அக்காவைக் குறுக்குத்துறைப் படித்துறைக்கு வரச் சொன்னேன்.

தாமிரபரணிக் காற்று குடையை விடுமா? முதல் அஞ்சு நிமிஷத்திலேயே ஸ்டாண்ட் சாய்ந்து குடைக்கம்பி ஒன்று வளைந்தது. ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டும் போதாமல் சித்தி பையன் கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றான். (பாவம், கூலி ஒரு ரோஸ் மில்க்.) சூரியனை அக்காவின் முதுகுக்கு விட்டு, வானம் வெளுக்காதபடி ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 5.6 வைத்தேன். குடையை இடது பக்கம், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. கால் பங்கு சக்தியில் ஆரம்பித்தேன்.

'நீயும் ஃபிளாஷ் அடித்து வெளுக்கத்தானே செய்கிறாய்' என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. முதல் படத்தில் அக்கா நிஜமாகவே ஒரு சுற்று வெளுத்துத்தான் இருந்தாள். அவளையே கூப்பிட்டுக் கேமரா திரையையும் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துச் சக்தியைக் குறைத்தேன். எட்டில் ஒரு பங்கில் சரியாக வந்தது. கருப்புத் தோலில் முகத்தின் வடிவத்தை முக்கால்வாசி காட்டுவது நிழல் இல்லை, மினுப்பு. வெறும் ஃபிளாஷ் என்றால் அந்த மினுப்பு நெற்றியில் ஒரு புள்ளியாக, வியர்வை மாதிரி விழும். குடை வழியாக வந்தால் கன்னத்து எலும்பு நெடுக அகலமாகப் படரும். நிறத்தைத் தொடவே வேண்டாம், முகம் எழுந்து வந்துவிடும். மச்சமும் இருந்த இடத்தில் இருந்தது.

ஸ்டூடியோக்காரர்களை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. வெளுத்துக் கொடுக்காவிட்டால் காசு வராது என்று அவர்களுக்குத் தெரியும். நாம்தானே கேட்டு வாங்குகிறோம். ஆனால் ஒரு பொண்ணுக்கு அவள் முகமே அடையாளம் தெரியாமல் போகிற படத்தைக் காசு கொடுத்து வாங்குவது எனக்குக் கேவலமாகப் படுகிறது. அந்தப் படத்தைப் பார்த்து வருகிறவன் வாசலில் அவளைப் பார்த்ததும் என்ன நினைப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை. அக்கா யோசித்திருக்கிறாள். அதனால்தான் அன்றைக்கு அப்படிக் கேட்டாள் என்று பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

பெரியம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்படியே இருக்காள" என்றாள். அப்புறம் அதை அலமாரியில் வைத்துவிட்டுத் தரகருக்கு ஸ்டூடியோ படத்தையே அனுப்பினாள்.

அக்கா என் படத்தை வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறாள். இதுவரை மாற்றவில்லை.