முழுகினால் மனம் தெளியுமா?



உடுவில் பகுதியில் வீடுவீடாகச் செல்லும்போது வயதான தாய்மார் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "பிள்ளை, தலைக்குத் தேசிக்காய் தேய்ச்சு முழுக வார்த்தால் இந்த மனவருத்தம் போகாதோ?"

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. நீரும் துயரமும் எமது வாழ்வில் இணைந்தவை. மரணம் நிகழ்ந்து 31ஆம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்து தீர்த்தமாடித் துடக்குக் கழிக்கிறோம். திருகோணமலை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பிதிர்க்கடனோடு தொடர்புடையவை. காணாமற்போன கணவனுக்கு அந்தியேட்டி செய்ய மனம் ஒப்பாத பெண்ணுக்கோ அந்த முழுக்கும் இல்லை. துயரத்துக்கு முடிவும் இல்லை.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வொன்றில், மனச்சோர்வு உள்ளவர்களின் உடல் வெப்பத்தைக் கருவி மூலம் ஒரே தடவை 38.5 பாகை செல்சியஸ் வரை உயர்த்தினார்கள். போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு ஆறு வாரங்கள் வரை சோர்வு குறைந்திருந்தது. ஆனால் பங்குபற்றியோர் ஏறத்தாழ 30 பேர் மட்டுமே. குளிர்நீர் உடலைச் சட்டென விழிக்கச் செய்யும். அது மனச்சோர்வைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இன்னும் போதாது.

ஆகவே, விரும்பி முழுகினால் நல்லது. விருப்பமில்லாதவளைப் பிடித்திழுத்து வாளி வாளியாக ஊற்றுவது சிகிச்சையல்ல, வதை. போரில் வதைபட்டவளுக்கு முகத்தில் திடீரென விழும் தண்ணீரே பழைய பயத்தைக் கிளறிவிடலாம்.

சில எச்சரிக்கைகள்: லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் அதிகம் வியர்த்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாக உயரலாம். அமித்திரிப்டிலின் போன்ற மாத்திரைகள் வியர்வையைக் குறைப்பதால் உடற்சூடு கூடலாம். கர்ப்பிணிகளும் இருதய நோயாளரும் கடும் சூட்டையும் திடீர்க் குளிரையும் தவிர்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அயலில் சோர்ந்து கிடக்கும் ஒருத்தி முழுக ஆசைப்பட்டால் தண்ணீர் அள்ளிக் கொடுங்கள். தலை துவட்டும்வரை பக்கத்தில் இருந்து அவள் சொல்வதைக் கேளுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.