மண்ணைக் கெடுத்தவன் குடியானவனா?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களிலுள்ள குடியானவர்களுக்கு உபதேசம் செய்வது இப்பொழுது பட்டணத்துக் கனவான்களுக்கு ஒரு பொழுதுபோக்காக ஆகிவிட்டது. “நெல்லையே ஏன் திரும்பத் திரும்பப் போடுகின்றாய்? யூரியாவைக் கொட்டி மண்ணை ஏன் பாழாக்குகின்றாய்? பயறு போடு, தழையுரம் போடு, உன் பாட்டன் செய்ததைச் செய்” என்று மேடைக்கு மேடை சொல்லுகின்றார்கள். அவர்கள் சொல்லும் காரியங்களில் பெரும்பகுதி நல்ல காரியங்களே என்பதை நாம் மறுக்க வரவில்லை. ஆனால் குடியானவன் அறிவில்லாமலோ, பேராசையினாலோதான் அவற்றைச் செய்யாமல் இருக்கின்றான் என்கின்ற பேச்சை மாத்திரம் நாம் ஒரு நிமிஷமும் ஒப்புக்கொள்ள முடியாது.

முதலாவது பயிர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 2024-25-ம் வருஷத்திற்கு மத்திய சர்க்கார் சாதாரண நெல்லுக்கு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2300 ரூபாய். உளுந்துக்கு 7400 ரூபாய். இதைப் பார்த்தவுடன், மூன்று பங்கு விலையுள்ள பயிரை விட்டுவிட்டு நெல்லைக் கட்டிக்கொண்டு அழுகின்றானே என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஏக்கருக்கு 20 குவிண்டால் நெல் கண்டால் 46,000 ரூபாய். உளுந்தோ மூன்று, நான்கு குவிண்டால் வந்தாலே நல்ல கண்டுமுதல் என்கின்ற பயிர். நான்கே வந்தாலும் 29,600 ரூபாய்தான். அதையும் அந்த விலைக்கு வாங்குவதற்கு ஆள் வேண்டாமா? நெல்லுக்கு ஊருக்கு ஊர் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கின்றது. உளுந்துக்கு அப்படி இல்லை. வியாபாரி களத்து மேட்டில் நின்று சொல்லுவதே பெரும்பாலும் விலை. இது போக, ஐப்பசி கார்த்திகையில் கொட்டுகின்ற மழையில் டெல்டாக் களிமண் வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் நெல் நிற்கும். உளுந்து அழுகிப் போகும். இதை அறிந்துதான் நம்மவர்கள் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன்பாக, நிற்கின்ற நெல்லின் ஊடேயே உளுந்தைத் தெளித்து, வயலில் மிஞ்சியுள்ள ஈரத்திலேயே அதை விளைய வைத்துக்கொண்டு வந்தார்கள். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து வைத்து, கூலி கேட்காமல் மண்ணுக்கு உரம் போட்ட பயிர் அது. இன்று அறுக்க ஆள் கிடைக்காமல் இயந்திரத்தை இறக்கவேண்டி இருக்கின்றது. அதன் சக்கரம் முளைத்து நிற்கின்ற உளுந்தை மிதித்து மண்ணோடு மண்ணாக்கிவிட்டுப் போகின்றது. இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டு அல்லவா “பயறு போடு” என்று உபதேசிக்க வேண்டும்?

நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கின்றது என்றோமே தவிர, அங்கே எல்லாம் சுகம் என்று சொல்லவில்லை. ஈரப்பதம் 17 சதவீதத்திற்கு மேற்பட்டால் வாங்கக் கூடாது என்பது பொது விதி. மழைக் காலத்தில் அறுக்கின்ற நெல்லில் அது எப்படி இல்லாமல் இருக்கும்? விதியைத் தளர்த்துங்கள் என்று இங்கிருந்து எழுதி, டில்லியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டுப் போய், உத்தரவு வருவதற்குள் குவியலின் அடியில் முளை கட்டிவிடுகின்றது. 2025 அக்டோபரிலும் டெல்டாவில் இந்தக் காட்சியைத்தான் கண்டோம்.

இனி யூரியா. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதாவது கிலோ ஏறக்குறைய 6 ரூபாய். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை 1350 ரூபாய், அதாவது கிலோ 27 ரூபாய். 2010-ல் மத்திய சர்க்கார் உர மானியத்தை மாற்றியபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்து விட்டார்கள். யூரியாவை மாத்திரம் கட்டியே வைத்தார்கள். கையில் காசில்லாதவன் எதை வாங்குவான்? தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாய்க் கொழுத்துப் பார்வைக்கு அழகாய்த்தான் நிற்கும்; பிறகு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும், காற்றடித்தால் சாயும். இது குடியானவனுக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் வயல் வரப்பில் நடந்தவர்கள் அல்லர். விலையை அப்படி வைத்தவர்களை விட்டுவிட்டு வாங்கினவனைக் குற்றம் சொல்லுவது என்ன நியாயம்?

மண்வள அட்டை என்று 2015-ல் ஒரு திட்டம் ஏற்பட்டது. பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் பார்ப்பதைவிட மண்ணைச் சோதித்து உரம் போடுவது மேல் என்பதால் நாம் அதை வரவேற்கின்றோம். கார, அமில நிலை முதல் துத்தநாகம் வரையில் 12 சங்கதிகள் அதில் கண்டிருக்கும். ஆனால் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு, அதாவது ஆறு ஏக்கருக்கு மேற்பட்ட இடத்திற்கு, ஒரு மண் மாதிரி என்று திட்டத்தை வகுத்தார்கள். அரை ஏக்கர்க்காரன் கையில் இருப்பது அவன் வயலின் ஜாதகமா, பக்கத்து வயலின் ஜாதகமா?

நிற்க. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானதென்று நாம் கருதுவது வேறொன்று. தக்கைப்பூண்டு விதை ஏக்கருக்கு 20 கிலோ தெளித்து, 45 நாள் வளர்த்து, பூக்கின்ற சமயத்தில் மடக்கி உழுதால் மண் தேறும் என்பது உண்மை. ஆனால் செலவு இந்த வருஷம். பலனோ அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமுமாகச் சிறுகச் சிறுக வருவது. அடுத்த வருஷம் இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவன் அதை எதற்காகச் செய்வான்? டெல்டாவில் உழுகின்றவர்களில் எத்தனையோ பேர் வாய்ச்சொல் குத்தகைக்காரர்கள். சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் 1955-ல் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969-ல் வந்தது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கின்றது. குத்தகைக்காரன் பெயர் பதிவேட்டில் இல்லை. பெயர் ஏறிவிட்டால் நிலம் திரும்பாது என்று சொந்தக்காரர் பயப்படுகின்றார். அந்தப் பயத்தினால் ஆளை அடிக்கடி மாற்றுகின்றார், அல்லது மாற்றுவதாகப் பயமுறுத்துகின்றார். சீட்டு இல்லாததால் அடங்கலில் பெயர் இல்லை. அடங்கல் இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை, வட்டிக்கடைதான் கதி. 2016-ல் வந்த பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம் என்று விதி சொல்லுகின்றது; ஆதாரம் எங்கே என்று ஆபீஸ் கேட்கின்றது. வெள்ளம் வந்து பயிர் மூழ்கினால் நிவாரணம் பட்டாக்காரரைத் தேடிக்கொண்டு பட்டணத்திற்குப் போகின்றது. மூழ்கின பயிருக்கு வட்டி கட்டுகின்றவன் இங்கே கரையில் நிற்கின்றான். அவனோடு நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்த பெண்ணின் பெயர் இதில் எந்தக் காகிதத்திலும் வருவதே இல்லை.

பாட்டன் காலத்து விவசாயத்தைப் பற்றிப் பெருமை பேசுகின்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் எருவும் தழையும் வயலுக்குப் போயின என்பது மெய்தான். சுமந்து கொண்டு போனவன் யார்? பண்ணையாள். சவுக்கடியும் சாணிப்பாலும் அவனுக்குக் கிடைத்த கூலியில் சேர்த்தி. அவனுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு என்று தஞ்சை ஜில்லாவிற்கு ஒரு சட்டம் வருவதற்கே 1952 ஆகவேண்டி இருந்தது. மண் அன்று செழிப்பாயிருந்த கதையைச் சொல்லுகின்றவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுவார்களா?

சர்க்கார் செய்யவேண்டியது நமக்குத் தெளிவாகவே படுகின்றது. உளுந்து அறுக்கின்ற பங்குனி சித்திரையில் நெல்லைப் போலவே கிராமத்தில் நின்று வாங்கவேண்டும். உர விலையின் கோணலை நிமிர்த்தவேண்டும். உழுகின்றவனைக் கண்ணால் பார்த்து அடங்கலில் எழுதவேண்டும். குத்தகைக் காலம் இத்தனை வருஷம் என்று எழுத்தில் வரவேண்டும். சொந்தக்காரரின் பயம் நியாயமாயிருக்கின்ற அளவுக்கு அதற்கும் அந்த எழுத்திலேயே பரிகாரம் செய்யலாம்.

ஆனால் சர்க்காரை மாத்திரம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது யோக்கியமாகாது. நமது கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, பாடுபடுகின்றவனுக்கே பலன் என்கின்றபோது பலமாய்க் கைதட்டுகின்ற தோழர்களில் சிலருக்கும் நிலம் உண்டு. அதுவும் வாய்ச்சொல்லிலேயே குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றது என்பது நமக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு அவர்கள் நம்மீது கோபித்துக் கொள்ளலாம், சந்தாவையும் நிறுத்தலாம். வரும் ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அதற்கு முன்னால் தங்கள் வயலை உழுகின்றவன் கையில் ஐந்து வருஷத்திற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தவர்கள் யார் யார் என்று நாம் கேட்கத்தான் போகின்றோம்.