நெஞ்சுக் கறியில் வெள்ளைக் கோடு



திண்டிவனம் கறிக்கடைகளில் ஞாயிற்றுக்கிழமை "போன்லெஸ் அரைக் கிலோ" கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். அந்த நெஞ்சுக் கறியில் நார் ஓடும் திசையிலேயே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் போதும், "ஊசி போட்ட கோழி" என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தசை வளரும் வேகத்துக்கு ரத்த ஓட்டம் ஈடுகொடுக்காமல் தசைநார்கள் சிதைகின்றன. அந்த இடத்தில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் சேர்கின்றன. முற்றினால் நெஞ்சு கட்டை போல இறுகும். சிலவற்றில் விரலால் கிள்ளினாலே இழை இழையாகப் பிரியும். தின்பவருக்கு நோய் வராது. ஆனால் கொழுப்பு கூடி, புரதம் குறையும். இறுகிய கறியில் மசாலா சரியாக ஊறாது. வேகும்போது நீர் விட்டுச் சுருங்கும்.

இந்த வளர்ச்சி வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பதற்கு ஒரு சான்று: கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டுக் கோழி ரகத்தையும் 2005-ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழையது 905 கிராம், புதியது 4,202 கிராம்!

நம் பக்கம் கோழியைச் சுமார் இரண்டு கிலோவிலேயே பிடித்துவிடுவதால் பாதிப்பு முற்றுவது குறைவு. போன்லெஸுக்காகப் பெரிய கோழியாகக் கேட்க ஆரம்பித்தால் நிலைமை மாறும். பண்ணைக்காரரைத் திட்டியும் பயனில்லை. ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை, அவருக்கு வளர்ப்புக் கூலி மட்டுமே.

விழுப்புரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கறிக்கடைக்காரர்களை அழைத்து இந்தக் கோடுகளை நேரில் காட்டலாம். கோடு அதிகம் விழுந்ததைக் கொத்துக்கறிக்கு ஒதுக்கி, விலையைக் குறைத்து விற்கச் சொல்லலாம்.

— ஒரு வாசகர், திண்டிவனம்