நாலாம் ஆண்டு மாணவரிடம் ஒரு மரத்தைக் காட்டுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால், என் நாற்றங்காலுக்கு வருகிறவர்கள் மலைவேம்புக் கன்று விலையைக் கேட்பதோடு நிற்பதில்லை. "பையன் ஃபாரஸ்ட்ரி படிக்கோணும்ங்கறானுங்க, எந்தக் காலேஜு நல்லதுங்க?" என்பார்கள். கூடவே, "படிச்சா பெரிய ஆபீசர் ஆயிரலாமுங்களா?"

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். இந்திய வனப்பணித் தேர்வைக் கணிதம், இயற்பியல், பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். வனவியல் படித்தவருக்கென்று அங்கே தனி வரிசை கிடையாது. காக்கி மட்டுமே குறி என்றால் வேறு பட்டங்களும் அங்கே கொண்டுபோய் விடும். மரம் பிடித்தவன்தான் கல்லூரியைத் தேட வேண்டும்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் இளக்காரம். பஸ்ஸில் போய்வரும் தூரமாயிற்றே! வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரி நீலகிரி அடிவாரத்தில் இருக்க, டேராடூன் என்று கனவு காண்கிறார்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பெருமையோ ஆய்விலும் முதுகலைப் படிப்பிலும். அங்கே இளநிலை முடித்த பிறகு போகலாம். வெளிமாநிலம்தான் வேண்டுமென்றால் கேரளத்தில் வெள்ளானிக்கரை, கர்நாடகத்தில் பொன்னம்பேட்டை, சிர்சி, தெலங்கானாவில் முலுகு என்று இருக்கின்றன.

தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இவற்றுள் ஒன்றைப் பொறுக்குவது எனக்கு ஒப்பவில்லை. கல்லூரிச் சுவருக்கு வெளியே என்ன வளர்கிறது என்று பாருங்கள். பொன்னம்பேட்டை குடகில் இருக்கிறது. காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரம், அந்த மரத்தில் ஏறும் மிளகு என்று ஒரே தோட்டத்தில் மூன்று வரும்படியைப் பார்த்துப் படிக்கலாம். சிர்சியைச் சுற்றி மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு. மேட்டுப்பாளையத்தில் மேலே சோலைக்காடு, கீழே காகித ஆலைக்குப் போகும் சவுக்கும் தைலமரமும் நிற்கிற உழவர் நிலம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். பக்கத்து ஊர்ப் பாசம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

சேர்க்கும் முன் ஒருநாள் வளாகத்துக்குப் போங்கள். நாலாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் ஒரு மரத்தைக் காட்டி, "இதில் எவ்வளவு கட்டை தேறும்?" என்று கேளுங்கள். நல்ல பயிற்சி பெற்றவர் நாடாவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றுவார். அதுதான் மார்பளவு உயரம் என்று இந்தியாவில் ஒப்புக்கொண்ட கணக்கு. அடுத்து, மர வியாபாரி எப்படி அளப்பார் என்று கேளுங்கள். வெட்டிய கட்டையின் நடுச்சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். உருளையின் உண்மையான கன அளவில் அது சுமார் 78.5 சதவீதம்தான், மீதி பட்டைக்கும் அறுவைக் கழிவுக்கும் என்பது பழைய வழக்கம். இந்தக் கணக்கு தெரியாமல் விலை பேசும் விவசாயிக்கு அதைப் புரியவைக்கத் தெரிந்த பிள்ளையை நான் உடனே வேலைக்கு எடுத்துக்கொள்வேன். மதிப்பெண் பட்டியலோடு வந்து, நாடாவை அடிமரத்தில் கட்டுகிறவர்களும் உண்டு.

பெண்ணைச் சேர்ப்பவர்கள் விடுதியில் சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறார்கள். விசாரிக்கட்டும். அதோடு, காட்டில் இரவு தங்கும் முகாமுக்கு மாணவிகளையும் அழைத்துப் போகிறார்களா, சாயங்காலமே வண்டியேற்றித் திருப்பி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பதிலை முதல்வரிடம் கேட்காதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் கேளுங்கள்.